கவசமும் எர்த்தும்

'ஷீல்டிங் பண்ணினா கிடார் குரல் அடைச்சுப்போயிரும்.' ஆலங்குடி, கீரனூர்ப் பக்கத்துக் கோயில் திருவிழா மேடைகளில் வாசிக்கும் நண்பர்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 'தூய தொனி' என்கிற ஒன்று கிடாருக்குள் முன்னமே குடியிருப்பதாகவும், தகடு ஒட்டினால் அது கெட்டுப்போவதாகவும் ஒரு நம்பிக்கை இதற்குள் இயங்குகிறது. இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப், காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றிய சுருள். கம்பிகளின் அதிர்வை அது மின்சாரமாக்குகிறது. ஆனால் மேடையைச் சுற்றியுள்ள சீரியல் செட், டியூப்லைட், மின்மாற்றி எல்லாவற்றின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதற்குக் கேட்கும். 'ஜ்ர்ர்' என்ற கூர்மையான இரைச்சல் பெரும்பாலும் மின்புலத்தின் வழியே வருவது. 'ம்ம்' என்ற தடித்த முனகல் காந்தப்புலத்தின் வழியே வருவது.

கிடாரின் உள்குடைவில் செம்புத் தகட்டை ஒட்டி எர்த்தோடு சேர்ப்பதுதான் ஷீல்டிங். 1836-ல் மைக்கேல் ஃபாரடே கூண்டு கட்டிக் காட்டிய தத்துவம். இது மின்புலத்தைத் தடுக்கும். காந்தப்புலமோ மெல்லிய செம்பைக் கடந்து வந்துவிடும். அதை அடக்கக் காந்தமும் சுற்றும் எதிரெதிராக அமைந்த இரட்டைச் சுருள் வேண்டும். 1955-ல் கிப்ஸன் நிறுவனத்தின் செத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் அதுதான்.

தொனி என்ன ஆகிறது? தகடு பக்கத்தில் வரும்போது மின்தேக்கம் சற்றுக் கூடும். கூடினால் உச்ச ஒலிகள் மங்கும். கோட்பாட்டளவில் நண்பர்கள் சொல்வது சரி. அளவுதான் இடிக்கிறது. தகடு சேர்ப்பது சில பத்து பைகோஃபாரட். ஆம்ப்புக்குப் போகும் 6 மீட்டர் வயர் சேர்ப்பது பல நூறு. நீளமான வயர் மாட்டும்போது யாரும் குரல் செத்ததாகப் புலம்புவதில்லை! தடித்த பித்தளை மூடியைச் சுருளின் மேலேயே கவிழ்த்தால் கதை வேறு. அதில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் உச்ச ஒலியை நிஜமாகவே தின்னும்.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்குவது வாசிப்பவர்களுக்குத் தெரியும். மின்புலத்தை வாங்கிக் கிடாருக்குள் தள்ளும் ஆன்டெனா அவர்கள் உடம்பேதான். கம்பிகள் எர்த்தோடு இணைந்திருப்பதால், தொட்டவுடன் உடம்பும் கவசத்தின் பகுதியாகிவிடுகிறது. அந்த எர்த் எங்கே போய் முடிகிறது என்பதில்தான் அரசியல் தொடங்குகிறது. ஆம்ப்பின் இரும்புச் சட்டத்துக்குப் போய், மூன்று முள் பிளக் வழியாக அது மண்ணுக்குள் இறங்க வேண்டும். நான் பார்த்த பல மேடைகளில் இரண்டு வயர்தான் வருகிறது. எர்த் முள் சும்மா நிற்கிறது. பழுதான ஆம்ப்பில் மின்சாரம் கசிந்தால் நேரே கம்பிக்கு வரும். வேறு இணைப்பில் எர்த் ஆன மைக்கில் உதடு பட்டால் உடம்பு வழியே பாயும். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972-ல் ஸ்வான்ஸீ நகர மேடையில், கையில் கிடாரோடு மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார்.

தகட்டைத் தாராளமாக ஒட்டலாம், குரல் எங்கும் போகாது. ஆனால் தொனியின் தூய்மையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், வாசிப்பவரின் உயிரைப் பற்றி விழாக் கமிட்டியிடம் வாய் திறப்பதில்லை. கேட்க வேண்டியது சின்னக் கேள்விதான்: 'எர்த் கம்பி அடிச்சிருக்கீங்களா?'