நெற்களத்தில் டென்னிஸ் ஆடலாம்

பட்டுக்கோட்டையில் ஒரு பிள்ளை டென்னிஸ் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், "அதெல்லாம் மெட்ராஸ்காரங்க ஆட்டம்ப்பா" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அதில் பாதி உண்மை. 1985இல் டென்னிஸ் வீரர்களான அமிர்தராஜ் சகோதரர்களும் பிரிட்டானியா நிறுவனமும் பயிற்சி மையம் தொடங்கியது சென்னையில். அங்கே பயின்ற லியாண்டர் பயஸ் 1990இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார்.

ஆனால் அவருக்கு முன்பே, 1954இல், அதே பட்டத்தை வென்ற ராமநாதன் கிருஷ்ணன் தென்காசிக் குடும்பத்துப் பிள்ளை. அவருக்குக் குரு, அப்பா டி.கே. ராமநாதன். கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமேயான பெர்ட்ரம் கோப்பைப் போட்டியில் பள்ளிப் பையனாகச் சிறப்பு அனுமதி வாங்கி ஆடி, 1951இல் ஜெயித்தவர் கிருஷ்ணன். 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். இத்தனைக்கும் அவருடைய சர்வ் வேகமானதல்ல. பந்தை எங்கே வைப்பது என்று தெரிந்த கை அது.

அப்படிப்பட்ட கைகள் நம் பக்கத்திலும் உண்டு. பூப்பந்தாட்டம் 1856 வாக்கில் தஞ்சாவூர் அரண்மனையில் ஆடப்பட்டது என்பார்கள். மஞ்சள் கம்பளிப் பந்தை ஐந்து பேர் அணியாக நின்று ஆடிப் பழகியவருக்குக் கண்ணும் காலும் ஏற்கெனவே தயார். மாற வேண்டியவை இரண்டு. பூப்பந்து தரையில் படக்கூடாது. டென்னிஸில் பந்து ஒருமுறை குத்தி எழும்வரை காத்திருக்கலாம். அந்தக் காத்திருப்புதான் முதலில் வராது. ஓடிப்போய்ப் பந்தின் மேலேயே விழுவார்கள். இரண்டாவது, மணிக்கட்டு. பூப்பந்தின் எடை 30 கிராமுக்குள். டென்னிஸ் பந்து ஏறக்குறைய 58 கிராம். பழைய பழக்கத்தில் மணிக்கட்டை மட்டும் வெட்டி அடித்தால் சில வாரங்களில் முழங்கை வலிக்கும். தோளையும் இடுப்பையும் திருப்பி, மட்டையை முழுதாக வீசப் பழக வேண்டும்.

சிறு பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்யும் பெரிய தவறு, ஏழு வயதுக் குழந்தையின் கையில் பெரியவர்களின் மஞ்சள் பந்தைக் கொடுப்பது. அது தலைக்கு மேல் எழும்பிப் போய்விடும். பிள்ளை நாள் முழுக்கப் பந்து பொறுக்கும். இதைப் புரிந்துகொண்ட சர்வதேச டென்னிஸ் சம்மேளனம், 2012 முதல் பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் அந்தப் பந்தையே விலக்கிவிட்டது. அதற்குப் பதிலாக மூன்று நிறப் பந்துகள்: சிவப்புப் பந்து மஞ்சளைவிட 75 சதவீதம் வேகம் குறைந்தது; ஆரஞ்சு 50, பச்சை 25. மட்டையும் 19 அங்குலத்திலிருந்து உயரத்துக்கு ஏற்பக் கிடைக்கிறது.

சிவப்புப் பந்துக்கு வேண்டிய இடம் சுமார் 11 மீட்டர் நீளம், ஐந்தரை மீட்டர் அகலம்தான். இறகுப்பந்துக் கோர்ட்டே 13.4 மீட்டர் நீளம். அதற்குள் இது அடங்கிவிடும். வலை 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் போதும். நம்மூர் தேங்காய் நார்க் கயிற்றை இழுத்துக் கட்டிச் சாக்கைத் தொங்கவிட்டாலும் வேலை நடக்கும்.

தரைக்கு என்ன செய்வது? ஊருக்கு ஊர் சிமெண்ட் நெற்களம் இருக்கிறதே! அறுவடைக் காலம் தவிர மற்ற நாளெல்லாம் சும்மாதான் கிடக்கிறது. மண் தரையில் பந்து கோணலாக எழும். சிமெண்டில் சீராக எழும். ஒரே எச்சரிக்கை: உமித்தூசி காலை வாரிவிடும். ஆடும் முன் நன்றாகக் கூட்டிவிட வேண்டும்.

நாற்பது வயதில் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கூடுதல் அக்கறை. முதல் நாளே முழுக் கோர்ட்டில் நின்று ஓங்கி அடிப்பார்கள், பந்து வேலி தாண்டும், மறுவாரம் வரமாட்டார்கள். அவர்களும் ஆரஞ்சுப் பந்தில் தொடங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருவர் எதிரெதிரே, சர்வ் கோட்டருகே நின்று, மெதுவாகப் பந்தை மாற்றி மாற்றி அனுப்பட்டும். எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் நொடியில் சின்னதாக ஒரு துள்ளு துள்ளி இரு காலையும் ஊன்ற வேண்டும். எந்தப் பக்கம் பந்து வந்தாலும் உடம்பு தானாகக் கிளம்பும். இந்த ஒரு பழக்கம் வந்தாலே ஆட்டம் பாதி திருந்திவிடும்.

துணைக்கு ஆள் இல்லாத நாளில் சுவர் இருக்கிறது. மூன்றடி உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அதுதான் வலையின் நடு உயரம். திரும்பி வரும் பந்தை இரண்டு முறை குத்தவிட்டு அடித்தாலும் பாதகமில்லை.

பி.டி. மாஸ்டர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் பிள்ளைகளும் சும்மா இருக்கிறார்கள், களமும் சும்மா இருக்கிறது. ஒரு டஜன் சிவப்புப் பந்தும் நாலைந்து சின்ன மட்டையும் வாங்கிக் கொடுங்கள். வெயில் ஏறும் முன் காலையிலும், வெயில் தாழ்ந்தபின் மாலையிலும் களத்தை அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.