அயர்லாந்து மக்களின் பழமொழிகள்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர் பட்டயங்களிலும் போர்க்களங்களிலும் தேடுவார் பலர். அந்நாட்டு மக்கள் நாடோறும் எவ்வாறு வாழ்ந்தனர், எதற்கு அஞ்சினர், எதனைப் போற்றினர் என அறிய விழைவோர் அவர்தம் பழமொழிகளையே நாடுதல் வேண்டும். ஐரோப்பாவின் மேற்கெல்லையில் உள்ள அயர்லாந்துத் தீவு இதற்குத் தக்க சான்றாகும். ஐரிஷ் மொழியிற் பழமொழியைக் குறிக்குஞ் சொல், பழமை என்பதும் சொல் என்பதும் இணைந்த ஒரு தொடர். நம் ‘பழமொழி’யும் அவ்வாறே அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

மழையும் கடுங்காற்றும் மிகுந்த அந்நாட்டில் உழவர் பலர் வைக்கோல் வேய்ந்த சிறு மனைகளில் வாழ்ந்தனர். வைக்கோல் பறவாதிருக்க மெல்லிய மரக்குச்சிகளை வளைத்துக் கூரையிற் செருகுவர். ‘காற்றடிக்கும் நாள் கூரைக்குச்சி தேடும் நாளன்று’ என்பது அவர் கூற்று. வருமுன் காத்தலை இதனினுஞ் சுருங்கச் சொல்லுதல் அரிது. சேற்று நிலத்தில் வெட்டியுலர்த்திய கரிமண் கட்டிகளை எரித்துக் குளிர் காய்ந்த மக்கள், ‘உன் வீட்டுக் கணப்பைப் போன்ற கணப்பு வேறில்லை’ என்றனர். ‘பசி நல்ல தொடுகறி’ என்பதும், ‘இருவர் சென்றால் வழி குறுகும்’ என்பதும் வறுமையிலும் மனங்குன்றாமையைக் காட்டுவன. நகைச்சுவைக்கும் குறைவில்லை: ‘ஒருவன் மூக்கை அவன் வாயே உடைத்தது பன்முறை’ என்பர்.

இவற்றுள் தலையாயது, ‘ஒருவர் நிழலில் ஒருவராய் மக்கள் வாழ்கின்றனர்’ என்பதாகும். இங்கு நிழலெனப் பெயர்த்த ஐரிஷ் சொல்லுக்குப் புகலிடம் என்னும் பொருளுமுண்டு. ஆங்கிலத்தார் இதனைப் பெயர்க்க இருசொற்களிடையே தடுமாறுவர். தமிழிலோ ‘நிழல்’ என்னும் ஒரு சொல்லே இருபொருளுந் தந்து நிற்கின்றது.

இத்தகைய மொழிச்செல்வம் அழிவின் விளிம்பு வரை சென்று மீண்டது. 1831ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசியப் பாடசாலைகள் ஆங்கிலத்திலேயே கற்பித்தன. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அத்தொகையினரே புலம்பெயர்ந்தனர். ஐரிஷ் பேசிய ஏழை மக்களே பெரிதும் வீழ்ந்தமையால், மொழியும் உடன் தளர்ந்தது.

1935இல் அமைந்த அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணைக்குழு, 1937 முதல் 1939 வரை ஓர் அரிய முயற்சியை மேற்கொண்டது. இருபத்தாறு மாவட்டங்களில், ஏறத்தாழ 5,000 தொடக்கப் பாடசாலைகளைச் சேர்ந்த மாணவர், தம் பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் அயலாரையும் வினவிப் பழமொழி, கதை, மருந்து, விளையாட்டு ஆகியவற்றைக் குறிப்பேடுகளில் எழுதினர். ஆசிரியர் அவற்றைத் திருத்தித் தொகுத்தனர். அத்தொகுதி ஏறத்தாழ 7,40,000 பக்கங்களாக விரிந்து, டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பேணப்படுகின்றது. ஆணைக்குழுவின் தொகுப்பு முழுவதையும் 2017இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

முன்னைய நூற்றாண்டில் பிள்ளைகளின் நாவினின்றும் தாய்மொழியை அகற்றிய பாடசாலையே, பின்னர் அப்பிள்ளைகளின் கையாலேயே அதன் செல்வத்தைத் திரட்டியது. ஆசிரியராயினார் இதனை மறத்தலாகாது: பாடசாலை ஒரு மொழியை ஒடுக்கவும் வல்லது, ஓம்பவும் வல்லது. முதியோர் மறைந்த பின் வினவிப் பயனில்லை. காற்றடிக்குமுன் குச்சி தேடவேண்டும். ‘இளையோரைப் பாராட்டு, அவர் முன்னேறுவர்’ என்பதும் அயர்லாந்துப் பழமொழியே. அதன் மெய்ம்மையை அம்மாணவரின் குறிப்பேடுகள் இன்றும் உணர்த்துகின்றன.