கீபோர்டில் டிரம்ஸ்: கிக் எங்கே போகுது?

கம்ப்யூட்டர் கீபோர்டை வைத்து டிரம்ஸ் வாசிக்க ஆரம்பித்தவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் மென்பொருளைத் திட்டியிருப்பார்கள். நானும் திட்டினேன். ஃபில் முடிந்து கிராஷ் விழவேண்டிய இடத்தில் கிராஷ் வரும், ஸ்நேர் வரும், கிக் மட்டும் வராது. இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் அதே கதைதான். தப்பு மென்பொருளில் இல்லை, நான் விசைகளை ஒதுக்கிய விதத்தில் இருந்தது.

முதலில் எண்கள். எந்த விசையை அழுத்தினாலும் மென்பொருளுக்குப் போய்ச் சேருவது ஒரு மிடி நோட் எண். 1991இல் வந்த ஜெனரல் மிடி தரப்படி டிரம்ஸுக்கு 10ஆம் சேனல். கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹை-ஹேட் 42, பெடல் ஹை-ஹேட் 44, திறந்தது 46, கிராஷ் 49, ரைடு 51. எண்ணைப் பார்த்தே ஒதுக்குங்க, சுரத்தின் பெயரை நம்பாதீங்க. அதே 36ஐ ஒரு நிறுவனம் சி1 என்று எழுதும், இன்னொன்று சி2 என்று எழுதும். கிக்கை அழுத்தினால் வேறெதோ கேட்பதற்குப் பாதிக் காரணம் இந்தக் குழப்பம்தான்.

இப்போ காணாமல் போன கிக். சாதாரண கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. வரிசையும் நிரலுமாகப் பின்னிய வலை அது. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் இருக்கும் விசைகளைச் சேர்த்து அழுத்தினால், நாலாவது மூலையும் அழுந்தியதுபோல் மின்சாரம் ஓடும். எது நிஜம் என்று தெரியாமல் கீபோர்டு மூன்றாவது விசையையே விட்டுவிடும். வேகமாக வாசிக்கும்போது முந்தைய அடியின் விரல் இன்னும் எழுந்திருக்காது, அதுவும் கணக்கில் சேரும். அதனால்தான் மெதுவாக வாசித்தால் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரி தோன்றும்.

எந்த மூன்று மோதும் என்பது கீபோர்டுக்குக் கீபோர்டு மாறும். ஆகவே ஒதுக்குவதற்கு முன்னாடியே மூன்று மூன்றாக அழுத்திச் சோதியுங்க. கிக், ஸ்நேர், கிராஷ் கூட்டணி கட்டாயம் தேறணும். ஷிஃப்ட், கண்ட்ரோல் விசைகளைப் பெரும்பாலும் இந்த மோதல் பாதிக்காது, மென்பொருள் ஏற்றுக்கொண்டால் கிக்கை அங்கே வைக்கலாம். ஆனால் விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் பெட்டி குதித்து வரும்! அதை முதலில் அணைச்சிடுங்க.

பியானோ போல அடுக்கிய இயல்பு வரைபடம் விரலுக்கு ஒத்துவராது. விஎம்பிகே போன்ற இலவச மென்பொருளில் வரைபடத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஸ்நேருக்கு இரண்டு விசை கொடுங்க, ரோல் வாசிக்க இரண்டு விரல் மாறி மாறி வேண்டும். கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு அழுத்தத்தின் பலம் தெரியாது. வெலாசிட்டியை விசைவாரியாக நிர்ணயிக்க முடிந்தால், ஒன்றுக்கு 110, மற்றதற்கு 50 வையுங்க. மெல்லிய அடிகள் கிடைத்ததும் வாசிப்பில் உயிர் வந்துவிடும்.

42, 44, 46 மூன்றையும் ஒரே மியூட் குழுவில் போடணும். இல்லாவிட்டால் ஹை-ஹேட்டை மூடின பிறகும் திறந்த ஒலி இழுத்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு செய்தும் தாளம் தள்ளாடினால் ஆடியோ பஃபரைப் பாருங்க. 44,100 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் அதுமட்டுமே 23 மில்லிசெகண்ட் தாமதம். 128க்கு இறக்கினால் 3க்குக் கிட்டத்தட்ட வரும். ஒலி வெடித்தால் 256.