பெயரை நீக்கினாலும் ஆள் தெரியும்

வேலையிட மனநலச் சேவையில் மூன்று தரப்பு உண்டு. நிறுவனம் பணம் கட்டுகிறது. வெளியிலுள்ள சேவை நிறுவனம் செயலியையும் ஆலோசகர்களையும் தருகிறது. தொழிலாளி மனம்விட்டுப் பேசுகிறார். பேசியதில் எது பணம் கட்டியவரிடம் போகலாம், எது போகக் கூடாது என்பதில்தான் இந்தச் சேவையின் உயிரே இருக்கிறது. தூக்கம் வராததும் வீட்டுச் சண்டையும் குடிப்பழக்கமும் மேலாளர் காதுக்குப் போய்விடும் என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால், பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பாலக்காட்டின் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை, இடுக்கியின் மூணாறு, பீர்மேடு தோட்டங்கள் போன்ற கேரள-தமிழக எல்லைப் பகுதிகளில் இந்தச் சந்தேகத்துக்கு இடம் இன்னும் அதிகம். ஒரே ஆலையில் இரண்டு மூன்று மொழிக்காரர்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

செயலியில் சேரும்போதே தடயம் விழத் தொடங்குகிறது. நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் அல்லது பணியாளர் எண்ணைப் போட்டுத்தான் பல சேவைகளில் உள்ளே நுழைய முடியும். அடுத்து கேள்வித்தாள் வரும். மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் பிஎச்கியூ-9 தாளில் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றுகிறதா என்று கேட்கிறது. தொழிலாளி கட்டைவிரலால் தொட்டுப் பதில் சொன்ன அந்த நொடியில் அது ஒரு சேவையகத்தில் பதிவாகிவிடுகிறது. எத்தனை மணிக்குப் பேசினார், எத்தனை முறை வந்தார், எந்த மொழியில் ஆலோசகர் கேட்டார் என்பவையும் கூடவே சேர்கின்றன. இவை பேச்சின் உள்ளடக்கம் அல்ல என்று சேவை நிறுவனங்கள் பிரித்துச் சொல்வதுண்டு. ஆனால் இரவு ஷிஃப்ட் முடிந்து விடியற்காலை மூன்று மணிக்கு வாரம் நான்கு தடவை ஒருவர் அழைத்தார் என்பது, அவர் பேசிய எதையும் கேட்காமலே நிறையச் சொல்லிவிடும்.

நிர்வாகத்துக்குத் தனிநபர் விவரம் போவதில்லை, தொகுப்பு அறிக்கை மட்டுமே போகிறது என்பது வழக்கமான உறுதிமொழி. சிக்கல் தொடங்குவதே இங்கேதான். கஞ்சிக்கோட்டில் எண்பது பேர் வேலை செய்யும் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலாண்டு அறிக்கையில் ‘பேக்கிங் பிரிவு, பெண், 40 வயதுக்கு மேல், தமிழில் ஆலோசனை: 1’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்தப் பிரிவில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும் தமிழ்க்காரம்மா ஒருவர்தான் என்றால், சூப்பர்வைசருக்குப் பெயரே தேவையில்லை. மூணாறுத் தோட்டங்களில் கதை தலைகீழ். அங்கே கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர். ஆகவே தமிழ் அங்கே யாரையும் காட்டிக்கொடுக்காது. ஜார்க்கண்டிலிருந்து வந்து அதே டிவிஷனில் வேலை செய்யும் இளைஞர் இந்தியில் ஆலோசகர் கேட்டால் அவர்தான் தனித்துத் தெரிவார். எந்த விவரம் ஆளைக் காட்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். அறிக்கையின் வடிவத்தைப் பெருநகரத்தில் உட்கார்ந்து முடிவு செய்பவர்கள் இதைக் கவனிப்பது அரிது.

பெயரை எடுத்துவிட்டால் போதாது என்பது 1990களிலேயே நிரூபணமான உண்மை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டைக் கவனித்த அமைப்பு, பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு அவர்களுடைய மருத்துவப் பதிவுகளை ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. அப்போது மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்திப் பார்த்தார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவே அகப்பட்டது. குறைந்தது இத்தனை பேர் ஒரே மாதிரி விவரத்தோடு இருந்தால்தான் ஒரு வரியை வெளியிடலாம் என்ற நெறியை ஸ்வீனி பின்னர் வகுத்தார். வேலையிட அறிக்கைகளுக்கு இந்த நெறி அப்படியே பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைந்த குழு எதையும் தனியாகக் காட்டக் கூடாது. பிரிவு, வயது, பால், மொழி நான்கையும் ஒரே அட்டவணையில் சேர்க்கவே கூடாது.

தோட்டப் பகுதிகளில் இன்னொரு பழைய சிக்கலும் உண்டு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைத் தோட்ட உரிமையாளரின் பொறுப்பாக்கியது. வைத்தியரும் நிர்வாகத்தின் சம்பளக்காரர் என்ற நிலை அங்கே பல தலைமுறைகளாகப் பழகிப்போனது. செயலி அதன் மேல் வந்து உட்காருகிறது. லயத்து வீட்டின் சுவர் தாண்டி பக்கத்து வீட்டில் பேச்சு கேட்கும். ஒரே கைபேசியை வீட்டில் நாலு பேர் எடுப்பார்கள்; ‘உங்கள் ஆலோசனை நேரம் மாலை 5 மணி’ என்ற செய்தி பூட்டிய திரையிலேயே தெரியும். அறிவிப்பில் ‘ஆலோசனை’ என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொள்வது சின்ன வேலைதான். பெரிய குறியாக்கத் தொழில்நுட்பத்தைவிட இந்தச் சின்ன வேலை அங்கே அதிகம் பயன்படும்.

சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நோயாளியின் தகவலை ரகசியமாக வைக்கும் கடமையைச் சிகிச்சை தருபவர்கள் மீது சுமத்துகிறது. மின்னணு வடிவில் சேமித்த தகவலுக்கும் அது பொருந்தும் என்று 24ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. ஆனால் செயலியை நடத்தும் வணிக நிறுவனத்தின் விற்பனைப் பிரிவோ தரவுப் பிரிவோ சிகிச்சை தருபவர் அல்ல. அவர்களைக் கட்டுப்படுத்த வேண்டியது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். மனநலத் தகவலை நுண்ணுணர்வுத் தகவல் என்று தனியாக வகைப்படுத்திய 2011 விதிகளைப் போல இந்தச் சட்டம் வகைப்படுத்தவில்லை. மேலும் அதன் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காகப் பணியாளரின் தரவைச் சம்மதமின்றிக் கையாள முதலாளிக்கு இடம் தருகிறது. மனநலத் தகவல் அந்தக் கதவு வழியாக நுழையக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி பெரும்பாலான கடமைகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன.

கேரளத்துக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. 2020இல் கோவிட் நோயாளிகளின் தகவலை ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தளத்தில் மாநில அரசு ஏற்றியது வழக்கானது. அடையாளம் தெரியாதபடி மாற்றிய பிறகே நிறுவனத்துக்குத் தரவு போக வேண்டும், தகவல் தருபவரிடம் குறிப்பாகச் சம்மதம் வாங்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் ஏப்ரல் 24 அன்று இடைக்கால உத்தரவிட்டது. கொள்ளைநோய் நேரத்தில் அரசுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், தனியார் மனநலச் சேவைக்கு இது குறைந்தபட்ச அளவாக இருப்பது நியாயம்.

பாதுகாப்பு தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஃபின்லாந்தின் வஸ்தாமோ சாட்சி. அந்த மனநல நிறுவனத்திலிருந்து திருடிய சிகிச்சைக் குறிப்புகளை வைத்து, 2020இல் நோயாளிகளையே தனித்தனியாக மிரட்டிப் பணம் கேட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 33,000 பேர். அமெரிக்காவின் இணையவழி ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப் விவகாரத்தில் திருட்டே இல்லை. ஆலோசனை தேடி வந்தவர்களின் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக எழுந்த குற்றச்சாட்டில், அது 2023இல் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

ஆகவே ஒப்பந்தம் போடும்போதே சிலவற்றை எழுதி வாங்க வேண்டும்: பணியாளர் எண்ணும் ஆலோசனைப் பதிவும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது; பில்லில் எண்ணிக்கை தவிர வேறு எதுவும் வரக் கூடாது; தகவல் விளம்பரத்துக்குப் போகக் கூடாது. உயிருக்கு ஆபத்தென்றால் யாரிடம் சொல்வார்கள் என்பதைத் தொழிலாளிக்கு முதல் நாளே அவருடைய மொழியில் சொல்லிவிட வேண்டும். குழுக் காப்பீட்டில் மனநலச் சிகிச்சைக்குப் பணம் கேட்கும் விண்ணப்பம் எச்.ஆர். மேசை வழியாகப் போகாமல் நேரே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வழி வேண்டும். செயலியை எவ்வளவு பூட்டினாலும் நோயின் பெயர் கசிவது இந்தப் பக்கவாசல் வழியாகத்தான்.

நிறுவனத்தின் சேவையை நம்பத் தயங்குபவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த அரசுச் சேவையில் தமிழிலும் பேசலாம். முதலாளி பணம் கட்டுவதில்லை என்பதால் முதலாளிக்கு அறிக்கையும் போவதில்லை. நிறுவனச் சேவையையே பயன்படுத்தியவர், வேலையை விட்டுப் போகும்போது தன் பதிவுகளை என்ன செய்வார்கள் என்று எழுத்தில் கேட்டு, அழிக்கவும் கோரலாம். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய சிகிச்சைக் குறிப்பு தவிர மற்றவை நீக்கப்பட்டதற்கு உறுதியும் கேட்டுப் பெறுவது நல்லது.