ஜாவா நிரல்களில் மூன்றாம் தரப்பு நிரலகங்களைக் கட்டளை வரியில் சுட்டுதல்

ஜாவா நிரல் ஒன்று, ஜாவாவுடன் சேர்ந்து வராத வேறொருவரின் நிரலகத்தை (லைப்ரரி) பயன்படுத்தினால், அது இருக்கும் இடத்தைத் தொகுப்பிக்கு (கம்பைலர்) நாம் சொல்ல வேண்டும். எக்லிப்ஸ், நெட்பீன்ஸ் போன்ற மென்பொருள்கள் இந்த வேலையைத் திரைமறைவில் முடித்துவிடுகின்றன. அதனால், கட்டளை வரிக்கு வரும்போதுதான் பல மாணவர்கள் இச்சிக்கலை முதன்முதலில் சந்திக்கிறார்கள்.

நிரலகங்கள் பெரும்பாலும் ஜார் கோப்புகளாகக் கிடைக்கின்றன. ஜார் என்பது ஜிப் வடிவில் கட்டப்பட்ட வகுப்புக் கோப்புகளின் தொகுதியே. வகுப்புகளைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியல் கிளாஸ்பாத் எனப்படும். அதைக் கட்டளையில் தருவதற்கு -சிபி என்ற விருப்பம் உள்ளது. (கட்டளைகள் இங்கே ஒலிப்பின்படி தரப்பட்டுள்ளன, கணினியில் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்க.) எடுத்துக்காட்டாக, லிப் என்னும் கோப்புறையில் உள்ள ஜிசான் நிரலகத்தைப் பயன்படுத்தும் நிரலை லினக்சில் இவ்வாறு தொகுக்கலாம்:

ஜாவாசி -சிபி லிப்/ஜிசான்.ஜார் மாணவர்.ஜாவா

தொகுத்தது போதாது. ஜார் கோப்பின் உள்ளடக்கம் நம் நிரலுக்குள் நகலெடுக்கப்படுவதில்லை. அதிலுள்ள வகுப்புகளின் பெயர்கள் மட்டுமே பதிவாகின்றன. எனவே இயக்கும்போதும் அதே ஜார் கோப்பைச் சுட்ட வேண்டும்:

ஜாவா -சிபி லிப்/ஜிசான்.ஜார்:. மாணவர்

இறுதியில் உள்ள புள்ளி நடப்புக் கோப்புறையைக் குறிக்கும். -சிபி தராதபோதும், கிளாஸ்பாத் என்ற சூழல் மாறி அமைக்கப்படாதபோதும் ஜாவா நடப்புக் கோப்புறையில் தானாகவே தேடும். -சிபி தந்துவிட்டால் அந்தப் பழக்கம் நின்றுவிடும். புள்ளியை விட்டுவிட்டால் நிரலகம் கிடைக்கும், நாம் எழுதிய மாணவர் வகுப்புதான் கிடைக்காது!

பட்டியலில் இடங்களைப் பிரிக்கும் குறி லினக்சிலும் மேக்கிலும் முக்காற்புள்ளி, விண்டோசில் அரைப்புள்ளி. விண்டோசுக்காக எழுதிய கட்டளையை லினக்சில் அப்படியே ஒட்டினால், முனையம் அரைப்புள்ளியைக் கட்டளையின் முடிவு என்று எடுத்துக்கொள்ளும். ஜாவாசிக்கு மூலக் கோப்பின் பெயரே போய்ச் சேராது.

தரவுத்தளப் பயிற்சிகளில் வரும் குழப்பம் சற்று வேறானது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துடன் பேசும் நிரல், அதற்குரிய இணைப்பி ஜார் இல்லாமலேயே பிழையின்றித் தொகுக்கப்படலாம். நிரலில் நாம் எழுதும் கனெக்சன், டிரைவர்மேனேஜர் முதலியவை ஜாவாவுடனேயே வருபவை என்பதே காரணம். இயக்கியபின்தான் பொருத்தமான இயக்கி இல்லை என்ற பிழை வரும். நிரலில் தவறு தேடிப் பயனில்லை. இயக்கும் கட்டளையைத்தான் பார்க்க வேண்டும்.

ஜார் கோப்புகள் பலவாக இருந்தால், ஜாவா 6 முதல் "லிப்/*" என எழுதலாம். மேற்கோள் குறிகள் அவசியம். இல்லாவிட்டால் முனையமே நட்சத்திரக் குறியை விரித்துவிடக்கூடும். லிப் என்று கோப்புறையின் பெயரை மட்டும் தந்தால், உள்ளிருக்கும் ஜார் கோப்புகள் கணக்கில் சேரா. மேலும், நம் நிரலையே ஜார் ஆக்கி -ஜார் விருப்பத்தால் இயக்கினால் -சிபி முற்றிலும் புறக்கணிக்கப்படும். அப்போது தேவையான நிரலகங்களை, அந்த ஜாரின் மேனிஃபெஸ்ட் கோப்பிலுள்ள கிளாஸ்-பாத் வரியில் குறிப்பிட வேண்டும்.