உதவித்தொகையின் கதை – 7: மூடும் அதிகாரம் யாரிடம்?

அவிநாசிப் பக்கம் ஏதாவதொரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை என்.எம்.எம்.எஸ். எனப்படும் மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறிவிட்டால், பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டிவிடுகிறார்கள். கட்டட்டும், தகும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டில் 48,000. பனியன் கம்பெனி வாரச் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. நாடு முழுக்க ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குக் கிடைக்கும் இந்த உதவித்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 6,695.

ஃப்ளெக்ஸ் கிழிந்த பிறகுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிகிறது. பிள்ளை ஒன்பதாவதுக்கு வேறு பள்ளிக்குப் போயாக வேண்டும். தேறியது ஒரு பள்ளியில், விண்ணப்பம் போடுவது இன்னொரு பள்ளியில். தேர்வை நடத்தியது சென்னையிலுள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம், பணம் டெல்லியிலுள்ள கல்வி அமைச்சகத்தினுடையது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிந்ததைப் புதுப் பள்ளியின் பொறுப்பாசிரியர் சரிபார்க்க வேண்டும். அதற்கு மேல் மாவட்டப் பொறுப்பு அலுவலர் சரிபார்க்க வேண்டும். பிறகுதான் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கில் பணம் ஏறும். பதியும்போது ஓ.டி.பி. வரும் ஃபோன் அப்பாவிடம் இருக்கும். அப்பா நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும், விட்டால் அந்த ஆண்டுப் பணம் போச்சு.

"பணம் இன்னும் ஏறலீங்க சார்" என்று ஒரு தாய் கேட்டால், அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? புதுப் பள்ளி பழைய பள்ளியைக் கேட்கச் சொல்லும், பழைய பள்ளி மாவட்டத்தைக் கைகாட்டும். என்.எம்.எம்.எஸ். ஒரு திட்டம். தனக்கென்று ஒரு நிர்வாகக் குழுவோ, தலைவரோ, போய்க் கதவைத் தட்ட ஓர் அலுவலகமோ அதற்குக் கிடையாது. அப்படியானால் தேசிய அளவில் ஓர் அறக்கட்டளையே இருந்தால் நிலைமை மாறிவிடுமா?

இருந்தது ஒன்று. மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளை. 1989 ஜூலையில் தொடங்கப்பட்டது. பெயர் அறக்கட்டளை என்றாலும், சட்டப்படி அது 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம். அரசு தந்த மூலநிதியை வைப்பில் போட்டு, அதன் வட்டியில் சிறுபான்மைச் சமூகத்து மாணவிகளுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உதவித்தொகை கொடுத்தார்கள். பேகம் ஹஸ்ரத் மஹல் பெயரில் வழங்கப்பட்டது அதுதான். வட்டியில் நடப்பதால், ஆண்டுதோறும் பட்ஜெட்டுக்காக அமைச்சகத்தின் வாசலில் நிற்க வேண்டாம் என்பது இந்த ஏற்பாட்டின் அழகு.

நிர்வாகம் எப்படி இருந்தது? பொதுக்குழுவில் 15 பேர். சிறுபான்மையினர் நல அமைச்சரே பதவிவழித் தலைவர். அவரையும் சேர்த்து ஆறு பேர் பதவியின் பெயரால் வந்தவர்கள், ஒன்பது பேர் நியமன உறுப்பினர்கள். அமைச்சரே நாற்காலியில் இருந்தால் கோப்பு வேகமாக நகரும் என்று அந்தக் காலத்தில் நினைத்திருப்பார்கள். நகரவும் செய்திருக்கும்.

2024 பிப்ரவரி 7 அன்று அறக்கட்டளையை மூடச் சொல்லி அமைச்சகத்திலிருந்து உத்தரவு வந்தது. மத்திய வக்ஃபு கவுன்சில் முன்வைத்த யோசனை அது. திட்டங்களை நடத்தத் தனி அமைச்சகமே இருக்கும்போது இது எதற்கு என்பது அரசுத் தரப்பு வாதம். அப்போது அறக்கட்டளையின் கையில் 1,073 கோடி ரூபாய் இருந்தது. கொடுக்க வேண்டிய பொறுப்புகள் 404 கோடி போக மிச்சம் 670 கோடிக்குச் சற்றுக் குறைவு. அதை அரசின் தொகுப்பு நிதியில் சேர்க்கச் சொன்னார்கள். எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனவர்களின் மனு அந்த ஏப்ரலிலேயே தள்ளுபடி ஆனது. கலைப்பது பொதுக்குழு எடுத்த முடிவு, அதில் குறை காண இடமில்லை என்பது நீதிமன்றத்தின் பார்வை. சட்டப்படி சரியாகவே இருக்கலாம். மூடச் சொன்ன அமைச்சகத்தின் அமைச்சரே மூடப்படும் சங்கத்துக்கும் தலைவர் என்றால், உள்ளே யார் எழுந்து "வேண்டாம்" என்று சொல்வது? எனக்குப் படுகிற கோளாறு அந்த உத்தரவில் இல்லை, சங்கத்தின் விதிகளில்தான்.

விதிகளை வேறு மாதிரி எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியில் 'ஸ்டூடியன்ஸ்டிஃப்டுங்' என்று ஒரு தேசிய மாணவர் உதவி அமைப்பு உண்டு. 1925-இல் டிரெஸ்டன் நகரில் பிறந்தது. 1934-இல் நாஜி ஆட்சியில் கலைக்கப்பட்டது. 1948-இல் கொலோனில் மறுபடி தொடங்கினார்கள். அதுவும் பெயரில் அறக்கட்டளை, பதிவில் சங்கம்தான். பணத்தில் பெரும்பங்கு அங்கேயும் அரசுப் பணம்தான். ஆனால் தலைவர் பதவியில் அமைச்சர் இல்லை, ஒரு பேராசிரியர் இருக்கிறார், அதுவும் கௌரவப் பணியாக. அன்றாட நிர்வாகத்துக்கு முழுநேரப் பொதுச்செயலாளர். நாட்டின் குடியரசுத் தலைவர் வெறும் புரவலர், கையெழுத்து அதிகாரம் இல்லாத மரியாதைப் பதவி. ஒரு மாணவருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற விதி அமைச்சகத்தினுடையது. யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு சங்கத்தினுடையது. தேர்வுக் குழுவில் பேராசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் சம்பளமில்லாமல் உட்கார்ந்து, நேர்காணல் நடத்தி மதிப்பெண் போடுகிறார்கள். படித்த வீட்டுப் பிள்ளைகளே அதிகம் தேறுகிறார்கள் என்ற புகார் அங்கே பல காலமாக உண்டு, நியாயமான புகார்தான்.

அந்தப் புகாருக்கு நம்மூரில் ஒரு மறுமொழி இருக்கிறது. நடிகர் சூர்யா 2006-இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010 முதல் 'விதை' திட்டத்தில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது தன்னார்வலர்களை வீட்டுக்கே அனுப்புகிறது. வருமானச் சான்றிதழில் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் மூவரும் பார்த்து ஓகே செய்த எண் ஒன்று இருக்கும். கூரையையும் அடுப்படியையும் அந்த எண் காட்டாது.

தர்மப் பணத்தில் யாரும் கைவைக்காமல் காப்பதில் கொங்கு நாட்டுக்கும் பழைய அனுபவம் உண்டு. கோவை பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு பிள்ளைகள் 1926-இல் சொத்தைப் பிரிக்கும்போது ஐந்து பங்காகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. 2,01,200 ரூபாய். பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் அறநிலையம் அதிலிருந்து வந்தது. தர்மத்தை ஐந்தாவது பங்காளியாகவே உட்காரவைத்த ஏற்பாடு அது. பங்காளியின் பங்கில் மற்ற நால்வரும் கைவைக்க முடியாது.

இன்றைக்கு அவிநாசி, சேவூர், திருமுருகன்பூண்டி வட்டாரத்தில் நாலு காசு சேர்ந்தவர்கள் படிப்புக்கு அறக்கட்டளை தொடங்கலாமா என்று கேட்கிறார்கள். தொடங்குங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்டாகப் பதியலாம், 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் சங்கமாகப் பதியலாம், கம்பெனிச் சட்டம் பிரிவு 8-லும் பதியலாம். 80ஜி வரிச்சலுகை வருமா என்று ஆடிட்டரிடம் எல்லோரும் கேட்கிறீர்கள். கூடவே இன்னும் இரண்டு கேளுங்கள். பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உங்கள் குடும்பத்துக்கு வெளியே எத்தனை பேர்? கலைக்க வேண்டி வந்தால் எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும், மிச்சப் பணம் எந்தக் கல்விப் பணிக்குப் போகும்? இரண்டுக்கும் பதிலைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

(தொடரும்)