கறுப்புக் காரில் கோடு தெரிவது ஏன்?

வாட்டர் சர்வீஸ் முடிந்து, மெழுகு பூசித் தேய்த்து, பளபளவென்று வெளியே வரும் காரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிழலில் கண்ணாடி போல நின்ற அதே கார், வெயிலுக்கு வந்ததும் வேறு முகம் காட்டுகிறது. கதவின் மேல் புகை படிந்தாற்போல் ஒரு திட்டு. கை போன வழியெல்லாம் மங்கலான கோடுகள். உரிமையாளர் முகம் சுளிக்கிறார். தேய்த்த இளைஞர் மறுபடியும் துணியை எடுக்கிறார். பளபளப்புக்காகப் பூசிய மெழுகே மங்கலுக்குக் காரணமாவது எப்படி?

பளபளப்பு என்பது என்ன என்று முதலில் பார்ப்போம். வழவழப்பான பரப்பில் விழும் ஒளி ஒரே திசையில் திரும்பினால் அது ஒழுங்கான எதிரொளிப்பு. மேடுபள்ளம் இருந்தால் ஒளி பல திசைகளில் சிதறும். எவ்வளவு மேடுபள்ளம்? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) இந்த அளவை ஒட்டிய துகள்களும் மேடுகளும் இருந்தாலே ஒளி கலைந்துவிடும்.

இன்னொரு வியப்பு. காரின் மேல்பூச்சின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. செங்குத்தாக விழும் ஒளியில் எத்தனை பங்கு அப்பரப்பிலிருந்து திரும்பும் என்பதை (1.5 − 1)/(1.5 + 1) என்பதன் வர்க்கம் தருகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: 0.04, அதாவது 4 சதவீதம்! நாம் மெச்சும் பளபளப்பு முழுவதும் இந்த நாலு சதவீதத்தில் அடங்கியது. மிச்சம் உள்ளே போகிறது. வெள்ளைக் காரில் அதன் பெரும்பகுதியை நிறமிகள் எல்லாத் திசைகளிலும் சிதறடித்து வெளியே அனுப்புகின்றன. அந்த வெளிச்சத்தில் மெழுகுத் திட்டு சிதறும் சிறிதளவு ஒளி தெரியாமல் போகிறது. கறுப்புக் காரோ உள்ளே போனதை விழுங்கிவிடுகிறது. கரும்பலகையில் சுண்ணாம்புக் கோடு போல, ஒரு சதவீதச் சிதறல்கூட அதில் பளிச்சென்று தெரியும். கறுப்புக் காருக்கு மெழுகு பூசுகிறவர் பாவம், என்ன செய்தாலும் திட்டு வாங்குகிறார்!

மெழுகு டப்பாவில் இருப்பது முழுவதும் மெழுகு அன்று. கார் மெழுகுகளில் பெயர் பெற்றது கார்னோபா. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து அது கிடைக்கிறது. 82 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். அவ்வளவு கடினமானதை அப்படியே பூச முடியாது. ஆகவே மண்ணெண்ணெய்க்கு உறவான பெட்ரோலியக் கரைப்பான்களில் குழைத்து விற்கிறார்கள். சில வகைகளில் தண்ணீரும் உண்டு. பூசியதும் கரைப்பான் ஆவியாகிறது, மெழுகு நுண்துகள்களாகத் தங்குகிறது. காய்ந்த மெழுகு வெண்மூட்டமாகத் தெரிவது இதனால்தான். துணியால் துடைக்கும்போது மிகையானவை போய், மெல்லிய ஏடு ஒன்று சமமாக எஞ்சுகிறது.

அந்த ஏடு எவ்வளவு மெல்லியது? ஒரு காருக்கு 20 கிராம் குழைவு செலவானதாகவும், பூசிய பரப்பு 10 சதுர மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். அடர்த்தி ஏறத்தாழ நீரின் அளவே. 20 கன சென்டிமீட்டரை 1,00,000 சதுர சென்டிமீட்டரால் வகுத்தால் 0.0002 செ.மீ., அதாவது 2 மைக்ரான். கரைப்பான் போய், துடைத்த பிறகு இன்னும் குறையும். நம் தலைமயிரின் தடிமன் 70 மைக்ரான் அளவு. "நிறையப் பூசினால் நிறையப் பளபளப்பு" என்பது வெறும் நம்பிக்கை. தடிமனாகப் பூசினால், காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிவதுபோல மேல்பகுதி மட்டும் காய்ந்து, அடியில் கரைப்பான் சிக்கிக்கொள்ளும். அந்த இளகிய மெழுகைத் துணி அகற்றுவதில்லை, இழுத்துப் பரப்புகிறது. கோடு பிறக்கும் இடம் இதுதான்.

வெயிலில் நின்ற கறுப்பு உலோகம் 60 டிகிரிக்கு மேலும் சூடேறும். அதன்மேல் பூசினால் பரப்பும் முன்பே கரைப்பான் பறந்துவிடும். மெழுகு இட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். நிழலில், புறங்கைக்குக் குளிர்ச்சியாகத் தெரியும்போதுதான் பூச வேண்டும். மார்கழி அதிகாலையும் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத பனி உலோகத்தில் படிந்திருக்கும். டப்பாவின் மேல் "பத்து நிமிடம் காத்திருக்கவும்" என்று அச்சிட்டிருப்பார்கள். எந்த ஊர்ப் பத்து நிமிடம் என்று அச்சிடுவதில்லை! தண்ணீர் கலந்த வகை சென்னையில் ஐப்பசி மழைநாளில் காய்வதற்கும், மதுரையில் சித்திரையில் காய்வதற்கும் வேற்றுமை உண்டு. கடிகாரத்தைவிட விரல் நம்பத்தக்கது. ஓரிடத்தில் விரலால் இழுங்கள். விரல் போன இடம் தெளிவாக இருந்தால் காய்ந்துவிட்டது. எண்ணெய்போல ஈஷினால் இன்னும் காயவில்லை.

துணியையும் கவனிக்க வேண்டும். பட்டறைகளில் பனியன் வேஸ்ட் பயன்படுத்துவார்கள். மெழுகு ஏறிய துணி ஓர் அளவுக்குமேல் வாங்காது, வாங்கியதைத் திருப்பித் தரும். நாலாக மடித்து, பக்கம் மாற்றி மாற்றித் துடைப்பது இதற்காகத்தான். போர் தண்ணீரில் கழுவி அப்படியே உலரவிட்டாலும் தொல்லை உண்டு. அதிலுள்ள கால்சியம் உப்புகள் வெண்புள்ளிகளாகப் படிய, அவற்றின் மேலேயே மெழுகைப் பூசி மூடிவிடுவோம்.

இனிதான் முக்கியமான செய்தி. கோடெல்லாம் மெழுகு அன்று. எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் ஒருவர், "சார், எவ்வளவு தேய்ச்சாலும் போகலை, கடுமையான பாலிஷா வாங்கப் போறேன்" என்றார். மறுநாள் அந்தக் கார் கல்யாணத்துக்குப் போக வேண்டும். இருட்டும்வரை பொறுக்கச் சொல்லி, டார்ச் விளக்கைக் காட்டினோம். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்ட வட்டமாகக் கோடுகள். விளக்கை நகர்த்தினால் வட்டங்களும் கூடவே நகர்ந்தன!

அவை மெழுகல்ல, கீறல்கள். ஒவ்வொரு நுண்கீறலும் தன் நீளத்துக்குக் குறுக்காகவே ஒளியை விசிறுகிறது. எல்லாத் திசைகளிலும் கீறல்கள் இருந்தாலும், விளக்கின் பிம்பத்தை நோக்கிய கோட்டுக்குக் குறுக்கே கிடப்பவை மட்டுமே நம் கண்ணுக்கு ஒளி அனுப்பும். ஆகவே அவை வட்டமாகத் தோன்றுகின்றன. எவர்சில்வர் தட்டைப் பல்புக்குக் கீழே பிடித்துப் பாருங்கள், இதே வட்டங்கள் தெரியும். மெழுகுத் திட்டோ விளக்கை எங்கே நகர்த்தினாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த வேற்றுமை தெரியாவிட்டால் நஷ்டம் பெரிது. நிறத்தை வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து காக்கும் நிறமற்ற மேல்பூச்சின் தடிமன் ஏறத்தாழ 40, 50 மைக்ரான்தான். பாலிஷ் என்று விற்கும் பல குழைவுகளில் அராவும் துகள்கள் உண்டு; ஒவ்வொரு முறையும் அந்தப் பூச்சைக் கொஞ்சம் தின்றுவிடும். மெழுகைப் போக்குவதாக எண்ணித் தேய்த்துக்கொண்டே போனால் பூச்சே போய்விடும், பிறகு பெயின்ட் அடிக்க வேண்டியதுதான். அண்ணன் பாலிஷ் வாங்கவில்லை. சில இடங்களில் மட்டும் நகராத திட்டுகள் இருந்தன. சுத்தமான துணியில் லேசாகக் குளிர்ந்த நீர் தெளித்து, அழுத்தாமல் துடைத்ததும் அவை போயின. குளிர்ச்சியில் மெழுகு இறுகுகிறது, ஈரத்தில் துணி வழுக்கிக்கொண்டு போகிறது.

காரின் முன்கண்ணாடியில் மட்டும் இந்த மெழுகு படவே கூடாது. மெழுகின் மேல் நீர் பரவாது, முத்து முத்தாகத் திரளும். வைப்பர் ஓடியபின் வரிவரியாக நிற்கும் அந்த நுண்துளிகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டி வில்லை. இரவு மழையில் எதிர்வரும் விளக்கொளியை அவை சிதறடித்தால் சாலையைக் கடப்பவர் ஓட்டுநருக்குத் தெரியமாட்டார். மெழுகு பட்டிருக்கிறதா என்று அறிய மூச்சே போதும். ரேலே பிரபு 1911-இல் கண்ணாடித் தகட்டின் மேல் மூச்சுவிட்டு ஆராய்ந்தார். மிகச் சுத்தமான இடத்தில் ஈரம் சீரான ஏடாகப் பரவித் தெளிவாக இருக்கும். பிசுக்கு உள்ள இடத்தில் துளிகளாகப் படிந்து சாம்பல் நிறம் காட்டும். குளிர்ந்த காலையில் முன்கண்ணாடியில் இதைச் செய்து பாருங்கள். ஆல்கஹால் கலந்த கண்ணாடித் திரவத்தால் துடைத்தால் மெழுகு போகும். வைப்பர் ரப்பரையும் சேர்த்துத் துடையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கே அது மெழுகை மறுபடி கண்ணாடியில் பூசிவிடும்.